ஒலிக்கருவிகள் ஓட ஓட மாறுகின்றனவா?

புதிய ஒலிபெருக்கியோ ஹெட்போனோ அவற்றை இணைக்கும் கேபிளோ வாங்குவோர்க்கு ஓர் அறிவுரை உலகெங்கும் வழங்கி வருகிறது. கருவி புதிதாயிருக்கும்பொழுது அதன் ஒலி இறுக்கமாகவும் சற்றுக் கரடுமுரடாகவும் இருக்குமாம். 100 மணி நேரமோ 200 மணி நேரமோ ஒலிக்க விட்டால் அது பதம் பெற்று இனிமையடையுமாம். இதற்கு 'பர்ன்-இன்' என்று பெயர். ஒலிபெருக்கிக்கு மட்டுமன்றி, அசையும் உறுப்பு ஏதுமில்லாத செப்புக் கம்பிக்கும் இதே பதப்படுத்தல் தேவை என்று கூறுவோர் உளர். கேபிள்களை இவ்வாறு பழக்குவதற்கென்றே தனிக் கருவிகள் விற்பனையாகின்றன என்பதிலிருந்து இந்நம்பிக்கையின் வலிமையை ஊகிக்கலாம்.

இசைப் பிரியர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய பொருளை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கட்டும். அதில் பிறர் தலையிட வேண்டியதில்லை. ஆனால் பள்ளிகளுக்கும் கிராமப் பயிற்சி நிலையங்களுக்கும் ஒலிக்கருவிகள் பொதுப் பணத்தில் வாங்கப்படுகின்றன. கருவி வந்திறங்கிய அன்று ஆசிரியரின் பேச்சு கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "புதிது அல்லவா, ஓடினால் சரியாகிவிடும்" என்ற சமாதானம் கூறப்படுகிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பயன்படும் கருவிக்கு 200 மணி நேரம் என்றால் 200 பள்ளி நாட்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச வேலை நாட்களும் 200தான். அதாவது, ஒரு கல்வியாண்டு முழுவதும் கழிந்த பின்னரே கருவி நல்லதா அல்லதா என்று தீர்ப்புக் கூறலாம் என்பது அச்சமாதானத்தின் பொருள். அதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு கடந்துவிடும். அவ்வாண்டுக் குழந்தைகளும் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

முதலில் 'பர்ன்-இன்' என்ற சொல்லின் உண்மையான பொருளைக் கவனிப்பது நலம். மின்னணுத் தொழிற்சாலைகளில் இது நெடுங்காலமாக வழக்கிலுள்ள சொல். உற்பத்தியாகும் உறுப்புகளுள் சில உள்ளார்ந்த குறையுடன் பிறக்கின்றன. அவை பெரும்பாலும் உழைக்கத் தொடங்கிய சிறிது காலத்துக்குள்ளேயே பழுதாகும். அவ்வாறு தப்பியவை பல ஆண்டுகள் உழைக்கும்; இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் பழுதுகள் பெருகும். இம்மூன்று நிலைகளையும் வரைபடமாக வரைந்தால் குளிக்கும் தொட்டியின் வடிவம் தோன்றும். ஆகவே முக்கியமான கருவிகளின் உறுப்புகளை விற்பனைக்கு முன்னரே உயர்ந்த வெப்பத்திலும் மின்னழுத்தத்திலும் ஓடவிட்டு, வலுவற்றவற்றைக் கழித்துவிடுகிறார்கள். இதன் நோக்கம் நல்லதை மேலும் நல்லதாக்குவதன்று. கெட்டதை முன்கூட்டியே கண்டு ஒதுக்குவது. தொழிற்சாலையில் செய்ய வேண்டிய இச்சோதனை, வாங்குபவர் தலையில் பொறுமையாக வந்து அமர்ந்தது விந்தைதான்.

எனினும் இக்கூற்றில் உண்மை அறவே இல்லை என்று தள்ளிவிடுதல் விஞ்ஞான முறையாகாது. ஒலிபெருக்கி ஓர் இயந்திரம். அதன் காகிதக் கோன் விளிம்பில் ஒரு வளையத்தாலும், அடியில் 'ஸ்பைடர்' எனப்படும் மடிப்பு மடிப்பான துணியாலும் தாங்கப்பட்டிருக்கிறது. அத்துணி பிசினில் தோய்த்து உருவாக்கப்படுவது. முதன்முறை பலமாக அசையும்பொழுது பிசினின் நுண்ணிய பிணைப்புகள் சில விட்டுக்கொடுக்கின்றன. துணி சற்றே தளர்கிறது. அதன் விளைவாக ஒலிபெருக்கியின் ஒத்ததிர்வு எண் சிறிது இறங்குகிறது. இது அளந்தறியப்பட்ட உண்மை. ஆனால் இம்மாற்றத்தின் பெரும்பகுதி நன்றாக அசையும் முதற்சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. தொழிற்சாலையில் கருவியைச் சரிபார்க்கும்பொழுதே அதில் ஒரு பகுதி நிகழ்ந்துவிடுகிறது. மேலும், மூடிய பெட்டிக்குள் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கியின் அசைவைத் துணியின் விறைப்பு மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு வில்போல் எதிர்க்கிறது. சிறிய பெட்டிகளில் இக்காற்றின் விறைப்பே மிகுதி. ஆகவே துணி தளர்ந்தாலும் கேட்கும் ஒலியில் அதன் பங்கு மிகக் குறைவாகிறது. ஒலிபெருக்கியையும் பெட்டியையும் இவ்வாறு சேர்த்துக் கணிக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அதனைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் வகுத்தளித்தனர். உலகெங்கும் பொறியாளர்கள் இன்றும் கையாள்வது இம்முறையையே.

ஒலிபெருக்கியில் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று ஒவ்வொரு நாளும் நிகழ்கிறது. பலமாக ஒலிக்கும்பொழுது உள்ளிருக்கும் கம்பிச்சுருள் சூடேறுகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி சென்டிகிரேடுக்கும் நூற்றுக்கு 0.39 பங்கு வீதம் கூடுவதால், சுருளின் வெப்பம் 100 டிகிரி உயர்ந்தால் மின்தடை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிடும். ஒலி சற்றே மங்கும். சுருள் ஆறியதும் பழைய நிலை திரும்பும். இதனை எவரும் பழக்கம் என்று கூறுவதில்லை.

ஹெட்போனில் மெய்யாகவே காலப்போக்கில் மாறுவது காதைச் சூழ்ந்திருக்கும் மெத்தை. அணிய அணிய அது அமுங்குகிறது. காதுக்கும் கருவிக்கும் இடையேயுள்ள தூரமும், காற்று கசியும் இடைவெளியும் மாறுகின்றன. தாழ்ந்த சுருதிகள் இதனால் கூடவோ குறையவோ செய்யும். ஆனால் ஹெட்போனைக் கழற்றி மறுபடியும் சில மில்லிமீட்டர் தள்ளி அணிந்தாலே ஒலியில் நிகழும் மாற்றம், உள்ளிருக்கும் தகடு பழகியதால் நேரக்கூடிய மாற்றத்தை விழுங்கிவிடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்க்கும் அணியாதவர்க்கும் ஒரே ஹெட்போன் வேறுவேறாக ஒலிப்பதும் இக்கசிவினாலேயே.

வால்வு ரேடியோக்களையும் ஆம்ப்ளிபயர்களையும் கையாண்ட பழைய பணியாளர்கள், கருவி சூடேறும் வரையில் காத்திருந்த நாட்களை நினைவுகூர்வர். வால்வினுள் இருக்கும் இழை சூடாகி எலெக்ட்ரான்களை வெளியிட்டால்தான் கருவி பேசும்; அதன்பின் நிலைபெறச் சில நிமிடங்கள் ஆகும். இதுவும் உண்மையே, ஆயினும் ஒவ்வொரு முறை இயக்கும்பொழுதும் நிகழும் உண்மை. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் சற்று வேறு வகையைச் சேர்ந்தது. அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலமே அதில் மின்கடத்தாப் பொருளாகும். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் அப்படலம் பழுதுற்று மின்கசிவு மிகும். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக் கொடுத்தால் படலம் மீண்டும் உருவாகும். நெடுநாள் கிடந்த பழைய செட்டை எடுத்ததும் முழு மின்னழுத்தத்தில் இணைத்துவிட்டால் கண்டென்சர் வெடிக்கவும் கூடும். பள்ளி அலமாரியில் பழைய வால்வு செட் வைத்திருப்போர் இதனை அறிந்திருப்பது அவசியம். இது இனிமையைப் பற்றிய செய்தியன்று, பாதுகாப்பைப் பற்றியது.

இனிக் கேபிளுக்கு வருவோம். வாதம் மிகவும் விசித்திரமாகும் இடம் இதுவே. மின்னோட்டம் தொடர்ந்து பாய்வதால் செம்பினுள் எலெக்ட்ரான்களுக்கு வழி பழகிவிடுகிறது என்று சிலர் விளக்குகின்றனர். நீரோட்டம் ஓடையை அரித்துச் செல்வது போன்ற ஒரு கற்பனை இது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பாயும்பொழுது எலெக்ட்ரான்கள் ஒரு விநாடியில் சராசரியாக 0.07 மில்லிமீட்டர் தூரமே நகர்கின்றன. இசையோ ஒருபுறமாக ஓடும் மின்னோட்டமன்று; முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது. 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எலெக்ட்ரான் தன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு தூரம் விலகி, அதே வேகத்தில் திரும்பிவிடுகிறது. ஓடை அரிப்பதற்கு ஓட்டமே இல்லை. கேபிளின் மேல் இசை செல்ல வேண்டிய திசையை அம்புக்குறியிட்டு விற்பவர்கள், மாறுதிசை மின்னோட்டம் அந்தக் குறியை எவ்வாறு படித்தறியும் என்பதையும் விளக்கினால் நன்றாயிருக்கும்.

செம்பின் படிக அமைப்பு மாறுகிறது என்பது மற்றொரு விளக்கம். கம்பி இழுக்கப்படும் ஆலையிலேயே அது சில நூறு டிகிரி வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டு வருகிறது. வீட்டிலோ வகுப்பறையிலோ கையால் தொட்டாலும் சூடு தெரியாத கேபிளில் அத்தகைய மாறுதல் நிகழ்வதற்கு இடமில்லை. கம்பியைச் சூழ்ந்துள்ள பிளாஸ்டிக் உறை மின்னூட்டத்துக்குப் பழகுகிறது என்பது மூன்றாவது. 10 மீட்டர் நீளமுள்ள ஒலிபெருக்கிக் கேபிளின் மின்தேக்கம் பொதுவாக 1000 பிகோபாரடுக்கு மேற்போவதில்லை. காதுக்குக் கேட்கும் உச்ச வரம்பாகிய 20,000 ஹெர்ட்ஸில்கூட அது ஏறத்தாழ 8000 ஓம் தடைக்குச் சமம். ஒலிபெருக்கியின் தடையோ 8 ஓம். உறையின் தன்மை இரு மடங்கு மாறினாலும் ஒலிபெருக்கி அதனை உணராது.

இக்கணக்குகளோடு ஒப்பிட வேண்டிய வேறொரு மாற்றம் உண்டு; அது ஐயத்துக்கு இடமின்றி நிகழ்வது. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியை 10 மீட்டர் தூரத்துக்குப் போக ஒன்றும் வர ஒன்றுமாக இழுத்தால் அதன் மின்தடை 0.34 ஓம். வட இந்தியச் சமவெளியில் ஜனவரி இரவில் 5 டிகிரியும் மே மாதப் பகலில் 45 டிகிரியும் வெப்பம் நிலவுமானால், அத்தடை இவ்விரு காலங்களுக்கிடையே நூற்றுக்கு 16 பங்கு வரை வேறுபடும். கேபிளுக்குப் பழக்கத்தால் நேர்வதாகக் கூறப்படும் எந்த மாற்றத்தையும்விட இது பெரிது. அப்படியிருந்தும் 8 ஓம் ஒலிபெருக்கியில் இதனால் விளையும் வேறுபாடு 0.06 டெசிபெல்லுக்கும் குறைவு. மிகக் கவனமாகக் கேட்கும் பயிற்சி பெற்ற செவிக்கும் அது எட்டாது. ஜனவரிக் கேபிளின் இசை வேறு, மே மாதக் கேபிளின் இசை வேறு என்று இதுவரை எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

இதனால் கேபிள் எதுவாயினும் ஒன்றே என்று கொள்ளலாகாது. கேபிளின் வயது முக்கியமன்று. பருமனும் நீளமுமே முக்கியம். களப்பணியாளர்கள் அடிக்கடி காணும் தவறு ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். கூட்டம் நடக்கும் மைதானத்தில் ஆம்ப்ளிபயரிலிருந்து 100 மீட்டர் தள்ளி 8 ஓம் ஒலிபெருக்கி ஒன்றை, அரைச் சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய கம்பியால் இணைக்கிறார்கள். போக வர 200 மீட்டர் கம்பியின் மின்தடை 6.9 ஓம். ஆம்ப்ளிபயர் தரும் மின்னழுத்தத்தில் பாதிக்குச் சற்று மிகுதியானதே ஒலிபெருக்கியை அடையும். அடையும் மின்திறனோ, கம்பியே குறுக்கிடாதிருந்தால் கிடைக்கக் கூடியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆம்ப்ளிபயர் வெளிவிடும் மின்திறனில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி கம்பியைச் சூடாக்குவதில் வீணாகிறது. இக்கம்பியை ஆயிரம் மணி நேரம் பழக்கினாலும் பயனில்லை. நான்கு மடங்கு பருமனான கம்பியை இட்டாலோ, நெடுந்தூர இணைப்புகளுக்கென்றே அமைந்த 100 வோல்ட் டிரான்ஸ்பார்மர் முறையைக் கையாண்டாலோ அன்றே ஒலி நிமிர்ந்துவிடும். துருவேறிய முனைகள், தளர்ந்த திருகுகள், இரண்டு ஒலிபெருக்கிகளுள் ஒன்றில் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருத்தல் ஆகியவையும் இவ்வாறே; இவற்றுள் கடைசியாகக் கூறியது தாழ்ந்த சுருதிகளை ஏறத்தாழ அறவே ஒழித்துவிடும். இவையெல்லாம் 'புதுமையின் குறை' என்ற திரைக்குப் பின்னே மறைந்துகொள்கின்றன.

அவ்வாறாயின், நேர்மையான பலர் ஒலி நாளடைவில் இனிமையாயிற்று என்று சாட்சி கூறுவது எவ்வாறு? அவர்கள் பொய் கூறுகிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. மாறியது கருவியன்று, கேட்பவர் என்று கொண்டால் அனைத்தும் பொருந்துகின்றன. ஒரு பொருளோடு திரும்பத் திரும்பப் பழகுவதாலேயே அதன்மேல் விருப்பம் வளர்கிறது என்பதை உளநூல் அறிஞர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் சோதனைகள் வாயிலாக எடுத்துக்காட்டினார். கண்ணால் காண்பதும் செவியை ஆட்கொள்கிறது. 1994இல் அமெரிக்காவில் பிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் 40 பேரைக் கொண்டு நான்கு ஒலிபெருக்கிகளை மதிப்பிடச் செய்தனர். திரைக்குப் பின்னால் வைத்து ஒருமுறை, பார்வைக்கு வைத்து ஒருமுறை. பார்த்துக்கொண்டே கேட்டபொழுது உருவமும் பெயரும் மதிப்பெண்களை மாற்றின. ஒலிபெருக்கியை வேறிடத்துக்கு நகர்த்தியதால் உண்மையாகவே ஏற்பட்ட ஒலி மாற்றங்களைக்கூடக் கேட்போர் அப்பொழுது அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

விஞ்ஞானிகளும் இம்மயக்கத்துக்கு விலக்கல்லர். 1903இல் பிரான்ஸ் நாட்டு நான்சி நகரில் ரெனே பிளாண்டலோ என்ற புகழ்பெற்ற பௌதிக அறிஞர் 'என்-கதிர்கள்' என்ற புதுக் கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில் மங்கிய ஒளி சற்றே பிரகாசமடைவதைக் கண்ணால் உணர்வதே அவற்றுக்குச் சான்று. வேறு பல ஆராய்ச்சியாளர்களும் தாமும் கண்டதாக எழுதினர். அடுத்த ஆண்டு அமெரிக்கரான ராபர்ட் வுட் அங்குச் சென்று, இருட்டில் எவரும் அறியாமல் கருவியின் அலுமினியப் பட்டகத்தை எடுத்துவிட்டார். பட்டகம் இல்லாத நிலையிலும் முன்போலவே அளவுகள் வாசிக்கப்பட்டன. 200 மணி நேரப் பழக்கத்தால் கேபிள் இனிமையாயிற்று என்போர் எதிர்நோக்க வேண்டிய சோதனையும் இதுவே: அவர் அறியாமல் கேபிளை மாற்றிவிட்டால் இனிமை போய்விடுகிறதா?

மற்றொரு குறிப்பும் சிந்திக்கத் தக்கது. பௌதிக மாற்றம் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. தளர்ச்சியும் தேய்மானமும் சில கருவிகளின் ஒலியை மேம்படுத்தினால், ஏறத்தாழ அதே அளவு வேறு சிலவற்றின் ஒலியைக் கெடுக்கவும் வேண்டும். ஆனால் பர்ன்-இன் பற்றிய சாட்சியங்கள் பெரிதும் முன்னேற்றத்தையே கூறுகின்றன. 'முதல் நாள் நன்றாயிருந்தது, 200 மணி நேரம் ஓடியதும் கெட்டுவிட்டது' என்பாரைக் காண்பது அரிது. ஒரே திசையில் மட்டும் செல்லும் மாற்றம் மனித விருப்பத்தையே சுட்டுகிறது.

இதனை மாணவர்களைக் கொண்டே சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு பிஷர், 1935இல் வெளியிட்ட நூலில் தேநீர்க் கோப்பைகளைக் கொண்டு விளக்கிய முறை இங்கும் பொருந்தும். பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே கூற முடியும் என்ற ஓர் அம்மையாரின் கூற்றை அவர் எட்டுக் கோப்பைகளால் சோதிக்கக் கற்பித்தார். குருட்டுவாக்கில் அனைத்தையும் சரியாகக் கூறுவதற்கு 70இல் ஒரு வாய்ப்பே உண்டு. கேபிளுக்கு, ஒரே சுருளிலிருந்து ஒரே நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளலாம். ஒன்றைச் சொல்லப்பட்ட மணி நேரமும் பயன்படுத்தி, மற்றதைப் பெட்டியிலேயே வைத்திருத்தல் வேண்டும். பின்னர் திரை மறைவில் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, அதன்படி இரண்டில் ஒன்றை இணைக்கட்டும். கேட்பவர் அது பழையதா புதியதா என்று தாளில் எழுதட்டும். இணைப்பவரும் கேட்பவரும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கலாகாது. ஒலியின் அளவைச் சிறிதும் மாற்றலாகாது. சற்று உரத்து ஒலிப்பதையே இனிமை என்று செவி கருதிவிடும். பத்து முறையில் ஒன்பதோ பத்தோ சரியாக வருவது தற்செயலாக நிகழ்வதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஏழு சரியாக வந்ததென்று வியப்படைய வேண்டியதில்லை. ஆறில் ஒருவர்க்கு அது வெறும் அதிர்ஷ்டத்தாலேயே கிட்டும்.

ஒலிபெருக்கியைச் சோதிப்பது சற்றுக் கடினம். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ஒலிபெருக்கிகள் ஆலையிலிருந்து வரும்பொழுதே சிறிது வேறுபட்டிருக்கும். ஆதலால் இரண்டையும் தொடக்கத்திலேயே ஒப்பிட்டு எழுதி வைக்காமல், ஒன்றை ஓட்டிவிட்டுப் பின்னர் ஒப்பிட்டால் பிறவி வேறுபாட்டைப் பழக்கத்தின் வேலை என்று கருத நேரிடும். வேறுபாட்டைக் கண்டறிய முடியாமற்போவது வேறுபாடே இல்லை என்பதற்கு முழு நிரூபணம் ஆகாது என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவைக்கலாம். ஆயினும் கவனித்துக் கேட்ட ஒரு வகுப்பே கண்டறிய முடியாத ஒன்றுக்காக ஒரு பள்ளி ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று எவரும் வாதாடமாட்டார்.

கருவியை ஏற்றுக்கொள்ளும் நாளன்று செய்ய வேண்டியது சிறிது நேர வேலையே. ஒலிபெருக்கியை அரை மணி நேரம் நல்ல உரத்த ஒலியில் ஓட விட்டால் துணியின் தளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பின் ஆசிரியர் ஒருவர் சாதாரணக் குரலில் தொடர்பற்ற சொற்கள் இருபதைப் படிக்க, கடைசி வரிசை மாணவர்கள் அவற்றை எழுதட்டும். எத்தனை சொற்கள் தவறின என்பதை ஏற்புப் பதிவேட்டில் தேதியோடு குறிக்கலாம். விற்பனையாளர் அப்பொழுதும் 200 மணி நேரம் என்ற கணக்கைக் கூறுவாராயின், எந்த அளவு எவ்வளவு மாறும் என்பதை அவர் எழுத்தில் தரட்டும். பொருளைத் திருப்பிக் கொள்ளும் கெடுவும் அந்த 200 மணி நேரம் முடிந்த பின்னர் தொடங்குவதாக அதே தாளில் கையொப்பமிடட்டும்.